பழைய மோட்டார் வண்டிக் கைக்கருவிகள்: இனங்காண்பதும் விலைமதிப்பதும்

மதுரைப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய கருவிகள் வெளிச்சத்துக்கு வருவது ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில்தான். பட்டறையைக் கழுவி, பெட்டிகளைக் கவிழ்த்து, வேலைக்கு உதவும் ஸ்பேனர்களைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இடுவதற்கு எடுத்து வைப்பார்கள். எந்த நட்டுக்கும் பொருந்தாமல் பெட்டியின் அடியில் ஆண்டுக்கணக்காகக் கிடந்தவை ஒரு சாக்கில் சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். அப்படிப் பொருந்தாமல் போனவற்றில்தான் எண்பது, தொண்ணூறு ஆண்டுப் பழமையுள்ள பொருள்கள் இருக்கின்றன. அவை எந்த வண்டிக்காகச் செய்யப்பட்டனவோ அந்த வண்டி ஓடுவது நின்றுவிட்டது. அதனாலேயே அவை உதவாதவை ஆயின.

நம் ஊரில் இவை கிடைப்பதற்குக் காரணம் உண்டு. டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தொடங்கிய நிறுவனம் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. பேருந்தும் லாரியும் உதிரிபாக வணிகமும் இந்த ஊரில் அவ்வளவு முன்பே வேரூன்றின. கிழக்கே காரைக்குடிப் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளுக்கு வெளிநாட்டுக் கார்கள் வந்தன. கார் விற்கப்பட்ட பிறகும் அதன் கருவிப்பெட்டி வளவிலோ மாடிப்படிக்கு அடியிலோ தங்கிவிட்ட வீடுகள் இருக்கின்றன. புதிதாக இத்துறைக்கு வருபவர் கடையில் தேடுவதற்கு முன், தெரிந்த வீடுகளிலும் மூடப்பட்ட பட்டறைகளிலும் கேட்டுப் பார்ப்பது நல்லது.

முதற்படி: துடைப்பதற்கு முன் பதிவு செய்யுங்கள்

ஒரு பெட்டியோ ஒரு சாக்கோ கைக்கு வந்தால் முதலில் செய்ய வேண்டியது, எதையும் பிரிக்காமல் இருந்தபடியே படம் எடுப்பது. எந்த ஸ்பேனர் எந்தத் துணிச்சுருளில் இருந்தது, எந்தத் திருப்புளி எந்த ஜாக்கியோடு கிடந்தது என்பது ஒருமுறை கலைந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. இந்தத் துறையில் நான் கற்றவற்றுள் இதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்: ஒரு பழைய கருவியின் மதிப்பில் பெரும்பகுதி அது எந்த வண்டிப் பெட்டியைச் சேர்ந்தது என்பதில் இருக்கிறது. தனியாகப் பார்த்தால் பெயரில்லாத ஒரு தகட்டு ஸ்பேனர், தன் பெட்டியின் மற்ற ஏழு துணைகளோடு இருக்கும்போது வேறு பொருளாகிவிடுகிறது.

அதனால் ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, எப்போது, யாரிடமிருந்து, எந்த வண்டி அந்த வீட்டில் இருந்ததாகச் சொன்னார்கள் என்று எழுதுங்கள். வண்டியின் பழைய புகைப்படம் அந்த வீட்டில் இருந்தால், அனுமதி கேட்டு அதையும் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: எழுத்துகளைப் படியுங்கள்

பழைய கருவி பெரும்பாலும் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும். அது கண்ணுக்குத் தெரியாமல் போவதற்குத் துருவும் கிரீசும் மட்டுமல்ல, நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. சில பட்டறைகளில் ஆயுத பூஜைதோறும் கருவிகளுக்கு அலுமினியப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். முப்பது ஆண்டுப் பெயின்ட் எழுத்துப் பள்ளங்களை நிரப்பி, கைப்பிடியை வழவழவென்று ஆக்கிவிடும். என்னிடம் உள்ள ஓர் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில், பெயின்ட் படலத்துக்குக் கீழே காய்ந்த சந்தனமும் அதற்குக் கீழே இன்னொரு பெயின்ட் படலமுமாக மாறி மாறி இருந்தன. மூங்கில் குச்சியைச் சீவி, மண்ணெண்ணெயில் தோய்த்து, எழுத்தின் ஓரங்களில் மட்டும் இரண்டு மாலைகள் மெதுவாகச் சுரண்டிய பிறகு ‘கிங் டிக்’ என்ற பெயரும், அதைச் சுற்றி ‘அபிங்டன்’ என்பதும் ஒவ்வோர் எழுத்தாக வெளிவந்தன. இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்த்திருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். எழுத்தின் விளிம்பும் அதோடு முடிந்திருக்கும்.

மங்கிய எழுத்தைப் படிக்க இரண்டு வழிகள் போதும். இருட்டறையில் டார்ச் விளக்கைக் கருவியோடு ஒட்டினாற்போலப் படுக்கையாகப் பிடித்தால், நேர் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் நிழலாகத் தெரியும். அல்லது பள்ளமான எழுத்தின்மேல் சாக்பீஸைத் தேய்த்து விரலால் வழித்துவிட்டால் வெள்ளை எழுத்து நிற்கும்.

படித்தவற்றுள் நான்கு வகைக் குறிகளைப் பிரித்து எழுதிக்கொள்ள வேண்டும்: செய்தவர் பெயர் அல்லது முத்திரை, வண்டி நிறுவனத்தின் பெயர், அளவு, காப்புரிமை அல்லது நாட்டுப் பெயர். செய்தவர் பெயர்களில் நம் பக்கத்தில் அடிக்கடி கைக்கு வருபவை பர்மிங்காமின் கிங் டிக், அதே ஊரைச் சேர்ந்த தாமஸ் ஸ்மித் நிறுவனத்தின் நத்தை முத்திரை, கேரிங்டன், ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய கெடோர் ஆகியவை. அமெரிக்க வில்லியம்ஸ், பில்லிங்ஸ் முதலியவை குறைவாகவே வருகின்றன. 1920-இல் தொடங்கிய ஸ்னாப்-ஆன் நிறுவனம் தன் கருவிகளில் ஆண்டைக் காட்டும் குறியீட்டைப் பொறித்தது. அந்தக் குறி தெரிந்தால் வயது பற்றிய வாதமே வேண்டியதில்லை. கெடோர் கருவிகள் பின்னாளில் இந்தியாவிலும் செய்யப்பட்டன என்பதால், பெயரைப் பார்த்ததும் ஜெர்மனி என்று எழுதிவிடாமல் நாட்டுப் பெயரையும் தேட வேண்டும்.

காப்புரிமை எண்ணைப் பார்த்து வயது சொல்வதில் புதியவர்கள் தவறுவது வழக்கம். காப்புரிமைத் தேதி என்பது கருவி செய்யப்பட்ட தேதி அன்று. அதற்கு முன்பு செய்யப்பட்டிருக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்லும். பிரிட்டனில் 1916-க்கு முன்பு காப்புரிமை எண்கள் ஆண்டுதோறும் ஒன்றிலிருந்து தொடங்கின. 1916-இல் 1,00,001 எனத் தொடர் எண் வந்தது. ஆகவே ஆறு இலக்க பிரிட்டிஷ் காப்புரிமை எண் இருந்தால் கருவி 1916-க்கு முந்தையதன்று என்று உறுதியாக எழுதலாம். ‘மேற்கு ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் அது 1949-க்கும் 1990-க்கும் இடைப்பட்டது. மூன்று கோடுகள் ஒரு முனையில் சேரும் அம்புக்குறி இருந்தால் அரசுத் தளவாடம். பக்கத்தில் 1942, 1943 போன்ற ஆண்டு இருந்தால் இரண்டாம் உலகப் போர்க் காலப் படைப்பொருள் ஏலத்தின் வழியாக வெளியே வந்ததாக இருக்கக்கூடும்.

மூன்றாம் படி: வாயை அளவெடுங்கள்

ஸ்பேனரின் வாயை வெர்னியர் காலிப்பரால் அளக்கத் தெரியாமல் இந்தத் துறையில் ஓரடியும் நகர முடியாது. ஒரு ஸ்பேனரில் ‘1/4 டபிள்யூ’ (விட்வொர்த்) என்று பொறித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர், ஆனால் வாயை அளந்தால் சுமார் 13.3 மில்லிமீட்டர் வரும். கருவி பொய்யானது என்றோ வாய் விரிந்துவிட்டது என்றோ அதை ஒதுக்கிவிடக் கூடாது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்த முறையில், ஸ்பேனரில் பொறிக்கப்படுவது நட்டின் அகலமன்று, அந்த நட்டு ஏறும் போல்ட்டின் தடிமன். அதே வாயில் ‘5/16 பி.எஸ்.’ என்றும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். 1908-இல் வந்த நெருக்கமான மறையுடைய பி.எஸ்.எஃப். (பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன்) முறையில் அதே நட்டு 5/16 அங்குலப் போல்ட்டுக்கு உரியது.

மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளச் சில அளவுகளைச் சொல்கிறேன். 3/16 டபிள்யூ வாய் சுமார் 11.3 மில்லிமீட்டர், 1/4 டபிள்யூ 13.3, 5/16 டபிள்யூ 15.2, 3/8 டபிள்யூ 18. அமெரிக்க வண்டிகளின் அளவும் பின்னாளைய பிரிட்டிஷ் வண்டிகளின் ஏ.எஃப். (அக்ராஸ் ஃபிளாட்ஸ்) அளவும் நட்டின் அகலத்தையே நேராகச் சொல்லும் என்பதால், 1/2 ஏ.எஃப். வாய் 12.7 மில்லிமீட்டராகவும் 9/16 ஏ.எஃப். வாய் 14.3 மில்லிமீட்டராகவும் இருக்கும். பிரிட்டிஷ் கார்களில் வந்த லூக்காஸ் மின்கருவிகளின் சிறு திருகுகளுக்கு உரிய பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவில் எண் குறையக் குறைய வாய் பெரிதாகும்: 2 பி.ஏ. சுமார் 8.2, 0 பி.ஏ. சுமார் 10.5 மில்லிமீட்டர்.

இந்த அளவுகள் வண்டியைக் காட்டிக் கொடுக்கும். டபிள்யூ அல்லது பி.எஸ். அளவு ஸ்பேனர்கள் நிறைந்த பெட்டி போருக்கு முந்தைய பிரிட்டிஷ் காரையோ அதையொட்டிய காலத்தையோ சேர்ந்தது. 1948-இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் ஒரே மறை அளவுக்கு ஒப்புக்கொண்ட பிறகு ஏ.எஃப். பரவியது, 1957-இல் வந்த அம்பாசிடருக்கு நம் மெக்கானிக்குகள் வைத்திருந்தவையும் ஏ.எஃப். ஸ்பேனர்களே. ஃபியட் 1100 மில்லிமீட்டர் வண்டி. ஒரே பெட்டியில் மூன்று முறைகளும் கலந்திருந்தால் அது வண்டியோடு வந்த பெட்டியன்று, ஒரு மெக்கானிக் வாழ்நாள் முழுவதும் சேர்த்தது. அதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் அதை வண்டிப் பெட்டி என்று சொல்லி விற்கக் கூடாது.

நான்காம் படி: செய்முறையையும் பூச்சையும் பாருங்கள்

பெயரே இல்லாத கருவிக்கு இதுதான் துணை. அச்சில் அடித்துச் செய்த எஃகுக் கருவியில், இரண்டு அச்சுகள் சேர்ந்த இடத்தில் பிதுங்கிய பிசிறை வெட்டிச் சாணை பிடித்த பட்டையான தடம் விளிம்பு நெடுகத் தெரியும். வார்ப்பில் அந்தக் கோடு மெல்லியதாகவும், மேற்பரப்பு மணல் பட்டதுபோல் சொரசொரப்பாகவும் இருக்கும்.

பூச்சில் மூன்று நிலைகள் உண்டு. பழையவை கறுப்பாகவோ நிக்கல் பூச்சோடோ இருக்கும்; கருவிகளுக்குக் குரோமியப் பூச்சு பரவலானது 1920-களின் இறுதிக்குப் பிறகுதான். பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்த்தால், நிக்கல் சற்றே மஞ்சள் சாயலோடும் குரோமியம் நீலச் சாயலோடும் தெரியும். ‘குரோம் வனேடியம்’ என்று பொறித்த ஸ்பேனர் ஒன்று 1915-ஆம் ஆண்டுக் காரோடு வந்ததாக யாரேனும் சொன்னால் நம்ப வேண்டியதில்லை. அதுபோலவே, நான்கு கை முனையுள்ள பிலிப்ஸ் திருப்புளி 1930-களின் நடுப்பகுதியில்தான் மோட்டார் தொழிலுக்குள் வந்தது. 1920-களின் பெட்டி என்று சொல்லப்படும் ஒன்றில் அது இருந்தால், பின்னால் யாரோ போட்டுவைத்தது.

ஐந்தாம் படி: காயங்களையும் போலிகளையும் கண்டறியுங்கள்

நம் பட்டறைகளில் ஸ்பேனர்கள் சும்மா இருந்ததில்லை. எட்டாத நட்டுக்காகப் பழுக்கக் காய்ச்சி வளைத்திருப்பார்கள், குழாய் வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள், 13 மில்லிமீட்டர் வாயைச் சாணை பிடித்து 14 ஆக்கியிருப்பார்கள். சேகரிப்பவர் சந்தையில் இவையெல்லாம் விலையைக் குறைக்கும். வாயின் உட்பக்கம் இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று முனையிலும் அடியிலும் தனித்தனியாக அளந்து பாருங்கள். முனையில் அகலம் கூடியிருந்தால் வாய் விரிந்துவிட்டது. அட்ஜஸ்டபிள் ஸ்பேனரில் திருகுச் சக்கரத்தை முழுமையாக ஓட்டிப் பார்த்து, நகரும் தாடை தள்ளாடுகிறதா என்று பாருங்கள். ஆனால், ஒரு குறிப்பிட்ட பேருந்து எஞ்சினுக்கென்று நம்மூர் மெக்கானிக் ஒருவர் வளைத்துச் செய்த கருவியை நான் எறியமாட்டேன். எந்த வேலைக்காக அது வளைந்தது என்று சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு எழுதி, ஒரு சீட்டைக் கட்டித் தொங்கவிட்டு வைப்பேன்.

போலி விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். சாய்ந்த எழுத்தில் ‘ஃபோர்டு’ என்று பொறித்த ஒரு ஸ்பேனரை, 1908 முதல் 1927 வரை வந்த மாடல் டி காருடையது என்று சொன்ன ஒரு வியாபாரியிடம் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோது எழுத்தின் ஓரங்கள் உருகிய வெல்லம்போல் மழுங்கியிருந்தன. துரு எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இருந்தது. கை படும் இடம், படாத இடம் என்ற வேறுபாடு இல்லை. உண்மையான ஒன்றை மண் அச்சில் பதித்து வார்த்து, அமிலத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள். உண்மைக் கருவியில் கைப்பிடியின் நடுப்பகுதி தேய்ந்து மினுங்கும், துரு கழுத்திலும் மூலையிலும் ஒதுங்கும், எழுத்து தேய்ந்திருந்தாலும் பள்ளத்தின் அடி கூர்மையாக இருக்கும். பழைய ஃபோர்டு கார்களைப் புதுப்பிப்பவர்களுக்காக வெளிப்படையாகவே செய்து விற்கப்படும் மறுபதிப்புக் கருவிகளும் உண்டு. அவற்றை அப்படியே சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை.

ஆறாம் படி: சுத்தம் செய்வது

மண்ணெண்ணெயில் ஓரிரு நாள் ஊறவைத்து, பருத்தித் துணியாலும் பித்தளைத் தூரிகையாலும் துடைத்து, மெஷின் எண்ணெய் மெல்லப் பூசினால் போதும். சாணைச் சக்கரம், உப்புக் காகிதம், மறுபூச்சு மூன்றும் கூடாது. பித்தளைப் பாத்திரத்துக்குப் போடும் புளியை எஃகின்மேல் தேய்க்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது துருவை எடுப்பதோடு பழைய கருநிறத்தையும் அரித்துச் சாம்பல் நிறமாக்கிவிடும்.

ஏழாம் படி: விலை மதிப்பது

ஒரு பழைய கருவிக்கு மூன்று விலைகள் உண்டு என்று வைத்துக்கொண்டால் குழப்பம் குறையும். முதலாவது எடை விலை. பழைய இரும்புக் கடைத் தராசு சொல்வது. இரண்டாவது வேலை விலை. இன்றைய மெக்கானிக் அதை வாங்கி நாளைக் காலையில் பயன்படுத்துவதற்குக் கொடுப்பது. மூன்றாவது சேகரிப்பு விலை. தன் காரின் பெட்டியில் ஓரிடம் காலியாக இருக்கும் ஒருவர் கொடுப்பது. பெரும்பாலான பழைய ஸ்பேனர்கள் முதல் இரண்டு விலைகளைத் தாண்டுவதில்லை என்பதைப் புதியவர் மனத்தில் கொள்ள வேண்டும். பழமை மட்டும் ஒரு பொருளுக்கு விலை தந்துவிடாது.

நல்ல கெடோர் ரிங் ஸ்பேனர் வேலை விலையில் எளிதாகப் போகும், ஏனென்றால் அதன் மில்லிமீட்டர் அளவு இன்றும் உதவுகிறது. விட்வொர்த் ஸ்பேனருக்குச் சாதாரணப் பட்டறையில் வேலை விலை கிடையாது. ஆனால் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவருக்கு அது இல்லாமல் நட்டின் மூலை சிதைந்துவிடும் என்பதால் அவரிடம் அதற்கு விலை உண்டு. வண்டி நிறுவனத்தின் பெயர் பொறித்த கருவி, அதே செய்தவரின் பெயரற்ற கருவியைவிடக் கூடுதலாகப் போகும். முழுப்பெட்டி, அதன் துணிச்சுருளோடும் ஜாக்கியோடும் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலோடும் இருந்தால், தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையைவிட மேலே போகும். பித்தளையால் ஆன காற்றடிக்கும் பம்புகளும் எண்ணெய்க் குப்பிகளும் தனி வகை: பித்தளைக்கு எடை விலை அதிகம் என்பதாலேயே அவை உருக்கப்பட்டுக் குறைந்துவருகின்றன. எடை விலையைவிடச் சற்றே கூட்டிக் கொடுத்தாவது அவற்றை உலைக்குப் போகாமல் தடுத்துவிடுங்கள். ஆய்வைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விலையை ஒப்பிடும்போது, விற்பவர் கேட்கும் விலையைக் கணக்கில் எடுக்கக் கூடாது. விற்று முடிந்த விலை மட்டுமே விலை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சொல்லும் விலை, வீட்டு அலங்காரத்துக்காக வருபவரை நோக்கிச் சொல்வது. அங்கே தோற்றத்துக்கு விலை. காரைப் புதுப்பிப்பவரோ தோற்றத்தைப் பார்க்காமல் அளவையும் முத்திரையையும் பார்ப்பார். ஒரே ஸ்பேனருக்கு இந்த இருவரும் சொல்லும் தொகை முற்றிலும் வேறாக இருக்கும்; எவரிடம் விற்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகே மதிப்பீட்டுத் தொகையை எழுத வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து யாரேனும் கேட்டால் அவசரப்பட்டு அனுப்பிவிடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைக்கருவூலங்கள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத வரலாற்றுப் பொருள்களைத் தொல்பொருள் என்று வரையறுத்து, தனியார் அவற்றை ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. 1920-களின் கருவிகள் இப்போது அந்த எல்லைக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஐயமிருந்தால் இந்தியத் தொல்லியல் துறையிடம், இது தொல்பொருள் அன்று என்ற சான்றிதழைப் பெற்ற பிறகே அனுப்ப வேண்டும்.

வாங்கும்போது உண்மையைச் சொல்லுங்கள் என்பதையும் ஒரு படியாகவே எழுதுகிறேன். சோழவந்தான் பக்கத்தில், காலமான ஒரு லாரி மெக்கானிக்கின் வீட்டில், அவருடைய மனைவி ஒரு மரப்பெட்டியைக் காட்டி, “எடைக்கே எடுத்துக்கிருங்க தம்பி” என்றார். அடித்தட்டில் எட்டு விட்வொர்த் ஸ்பேனர்கள் சிறிதிலிருந்து பெரிதுவரை வரிசை குலையாமல் ஒரு காக்கித் துணியில் சுருட்டப்பட்டிருந்தன. எட்டிலும் நத்தை முத்திரை இருந்தது. எடைக்குப் போட்டால் என்ன வரும், நான் என்ன கொடுக்க முடியும், காத்திருந்து சேகரிப்பவர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன கிடைக்கக்கூடும் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வாரம் கழித்து அவரே அழைத்து, நான் சொன்ன நடு விலைக்குக் கொடுத்தார். துணிச்சுருளின் உள்மடிப்பில், எந்த ஸ்பேனர் எந்த இடத்துக்கு என்று அவர் கணவர் நீலப் பென்சிலால் எழுதிவைத்த அளவுகள் இருந்தன. அந்தத் துணியை இன்னும் துவைக்கவில்லை.